கழுவிய இரும்பு

வேலையில் இருந்த காலம் முழுவதும் அவளுக்கு மூக்கு மேடம் என்றுதான் பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் ஒரு ஹோட்டலின் பின்வாசலில் அவள் கால் வைத்ததும், உள்ளே பாத்திரங்கள் அவசரமாக இடம் மாறும் சத்தத்தோடு "மூக்கு வந்தாச்சு" என்ற கிசுகிசுப்பும் சேர்ந்து கேட்கும். உணவுச் சுகாதார ஆய்வாளர் என்பது பதவி. மற்ற ஆய்வாளர்கள் மேசையைத் தடவிப் பார்ப்பார்கள், கொடுத்த டீயைக் குடிப்பார்கள், கிளம்பிவிடுவார்கள். அவள் நேராக அடுப்புக்குப் பின்னால் போய், சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே கை போகாத சந்தில் விரலை விடுவாள். துடைத்த இடத்தைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது, துடைக்காத இடம்தான் உண்மையைச் சொல்லும் என்பது அவள் கட்சி. வெளியே வந்த விரலை முதலாளியின் முகத்துக்கு நேரே நீட்டுவாள். பேச மாட்டாள்.

இப்படி ஒரு தொழில் ஆளை என்ன செய்யும் என்று யோசித்துப் பார்க்கலாம். நமக்கெல்லாம் அருவருப்பு எப்போதாவது வந்து போகிற ஒன்று. வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிடுவோம். அவளுக்கு அந்த அனுமதி கிடையாது. குமட்டல் எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையில் நடப்பதுதான் வேலை. காறிப்போன எண்ணெய், தண்ணீர்த் தொட்டிக்குள் மிதக்கும் கரப்பான், மாவு மூட்டையில் எலி போட்டுவிட்டுப் போன கறுப்பு மணிகள், பரிமாறுகிறவரின் தோளில் கிடக்கும் அந்த ஒரே துண்டு. மேசைக்கும் அதுதான், தட்டுக்கும் அதுதான், அவர் மூக்குக்கும் அதுதான். இதையே பார்த்துப் பார்த்து, சுத்தம் என்று ஒன்று இருப்பதிலேயே அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது. இன்னும் யாரும் கண்டுபிடிக்காத அழுக்கைத்தான் ஜனங்கள் சுத்தம் என்கிறார்கள் என்று நினைத்தாள். இருப்பதிலேயே நல்ல சமையலறைக்கும் அவள் எழுதிய பாராட்டு இவ்வளவுதான்: 'குறைகள் உள்ளன. நடத்தலாம்.'

வீட்டிலும் மூக்கு ஓய்வெடுக்கவில்லை. பாலை முகர்ந்துதான் அடுப்பில் வைப்பாள். துவைத்து மடித்த துண்டை மறுபடி முகர்வாள். வெளியே விருந்துக்குப் போனால் கைப்பையில் சொந்த ஸ்பூன் இருக்கும். கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஊரே அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிட்டது, கோபம் வரும்போது அவளும். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர். வீட்டுக்குள் நுழையும்போதே சட்டையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "முதல்ல முகந்து பாரு, அப்புறமா பேசலாம்" என்பார். அது வேடிக்கைக்குச் சொல்வது என்று மகள் வளர்ந்து பெரியவளான பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. புரிந்த பிறகும் முகர்ந்துதான் பார்த்தாள்.

அந்த வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் மூக்கு வேறு மாதிரி நடந்துகொண்டது. மேசை நாற்காலி செய்யும் ஒரு தொழிற்சாலையின் கேன்டீனைச் சோதிக்கப் போயிருந்தாள். மிச்சம் மீதியைக் கொட்டி வைத்திருந்த பீப்பாயைத் திறந்து பார்த்துவிட்டு, வாந்தி தொண்டை வரைக்கும் வந்து நிற்க, கண்ணில் பட்ட கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேறினாள். அது கடைசல் பகுதி. ஒரு ஆள் லேத்தில் மேசைக்கால் கடைந்துகொண்டிருந்தார். உளியின் நுனியிலிருந்து மரச் சுருள் நீளமாக, ஈரம் காயாத ரிப்பன் மாதிரி உருண்டு விழுந்துகொண்டிருந்தது. அந்த வாசனை அவள் குமட்டலை அப்படியே நிறுத்திவிட்டது. அப்போதுதான் வெட்டுப்பட்ட மரம். யாரும் தொடாத, எந்த ஈயும் உட்காராத, உள்ளேயிருந்து முதன்முறையாக வெளிச்சத்துக்கு வரும் ஒரு பொருளின் வாசனை. சுத்தம் என்று ஒன்று உண்டென்றால் இதுதான் என்று அங்கேயே நின்று நினைத்தாள். ஒரு சுருளை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். கேன்டீனுக்கு மட்டும் நல்ல பேர் எழுதவில்லை.

ஓய்வு பெற்றதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: கார் ஷெட்.

காரை எப்போதோ விற்றாகிவிட்டது. ஷெட் மட்டும் வீட்டின் ஓரத்தில் நின்றது. அங்கே ஒரு கடைசல் லேத் போட்டு, கையால் ஏதாவது செய்யப் போகிறேன் என்றாள்.

"என்ன செய்வே?" என்றார் வாத்தியார்.

"தெரியல. கிண்ணம், பம்பரம், ஏதாவது."

"பம்பரமா? இந்த வயசுலயா?"

"ஏன், உங்க தம்பி இந்த வயசுல மீன் வளர்க்கலையா?"

வாத்தியார் எழுந்து போய் ஷெட் சாவியைத் தேடிக்கொண்டு வந்தார்.

ஷெட்டின் ஷட்டரைத் தூக்கியதும் உள்ளேயிருந்து வந்த காற்றுக்கு அவளே ஒரு அடி பின்வாங்கினாள். வேலையில் பார்த்ததெல்லாம் அடுத்தவர் அழுக்கு. இது சொந்த அழுக்கு. தன் படுக்கைக்குச் சுவர் ஒன்று தள்ளி இத்தனை வருஷம் இது இருந்திருக்கிறது என்ற நினைப்பே முதுகில் ஏதோ ஊர்கிற மாதிரி இருந்தது. வாத்தியார் எப்போதோ கட்டி வைத்த பழைய விடைத்தாள்களைக் கரையான் தின்று, மண்ணாக்கி, அந்த மண்ணுக்குள் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. டயர் ஒன்றில் தேங்கிய தண்ணீரில் கொசுப்புழுக்கள் நெளிந்தன. பெயிண்ட் டப்பாக்களின் மேல் ஆடை கட்டி, அந்த ஆடையில் ஒரு பல்லி காய்ந்து ஒட்டியிருந்தது. மூலையில் கண்ணாடித் தொட்டிகள் வரிசையாக நின்றன. பச்சையும் பழுப்புமாக ஏதோ அடியில் இறுகிக் கிடந்தது.

"இது என்னங்க?"

மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு வாசலோடு நின்ற வாத்தியார் சொன்னார்: "தம்பியோட மீன் தொட்டி. அழகு மீன் வியாபாரம் பண்ணான்ல."

"மீன் எங்க?"

"செத்துப்போச்சுன்னு சொன்னான்."

"எங்க செத்துச்சு?"

வாத்தியார் தொட்டியின் அடியைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

கொழுந்தன் ஒவ்வொரு வியாபாரம் படுத்ததும் அதன் பிணத்தை இங்கே கொண்டுவந்து போட்டிருந்தான். அண்ணன் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார். அவள் இரண்டு ஜோடி கையுறை மாட்டிக்கொண்டு, முகத்தில் துணி கட்டிக்கொண்டு, அத்தனையையும் வெளியே இழுத்துப் போட்டாள். ஆள் வைத்துக்கொள்ளலாமே என்று வாத்தியார் சொன்னதற்கு, "அவங்க துடைச்ச இடத்தைத்தான் துடைப்பாங்க" என்றாள். கொதிக்கும் தண்ணீர், சோடா உப்பு, அதன் பிறகு பிளீச்சிங் பவுடர், கடைசியாக மறுபடி வெந்நீர். இந்த வரிசையைத்தான் அவள் வேலைக்காலம் முழுவதும் சமையல்காரர்களுக்குப் பாடமாக நடத்தியிருந்தாள். சுவருக்கு வெள்ளை அடித்தாள். தரை விரிசல்களைச் சிமென்ட் பூசி அடைத்தாள். எல்லாம் முடிந்ததும் மூலைச் சந்துகளில் விரலை விட்டுப் பார்த்தாள். விரல் வெள்ளையாக வந்தது. அப்போதும் முழுத் திருப்தி வரவில்லை; தன் விரலையே முகர்ந்து பார்த்தாள்.

அந்த வாரம்தான் கொழுந்தன் வந்தான். ஆள் வருவதற்கு முன்னால் செண்ட் வந்தது. கழுத்தில், சட்டையில், கைக்குட்டையில் தனித்தனியாக அடித்திருப்பான் போல. செண்ட் வாசனை அவளுக்கு எப்போதும் சந்தேகத்தைக் கிளப்பும். எதை மூடுவதற்கு இது என்றுதான் முதலில் தோன்றும்.

ஷெட் வாசலில் அவன் செருப்பைக் கழற்றினான். அந்த வீட்டில் அவன் எங்கேயும் செருப்பைக் கழற்றி அவள் பார்த்ததில்லை.

"அண்ணி! என்ன அண்ணி இது? ஆபரேஷன் தியேட்டர் மாதிரி வச்சிருக்கீங்க! ஒரு பொட்டுத் தூசி இல்லையே! ஈரம் இல்ல, கரையான் இல்ல..." சுவரைக் கையால் தடவிப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். கண்ணாலேயே நீள அகலம் அளந்தான். "தங்கம் மாதிரி இடம் அண்ணி!"

அவன் இப்போது மெத்தை வியாபாரம். பெரிய ஹோட்டல்கள் கழித்துக் கட்டும் பழைய மெத்தைகளை மொத்தமாக எடுத்து, மேலே புதிதாக வெள்ளை உறை தைத்துப் போட்டு, 'ஹோட்டல் தரம்' என்று விற்றான். பொய் என்று சொல்ல முடியாது. ஹோட்டலிலிருந்துதான் வருகிறது. எத்தனை பேர் வேர்வையும், எச்சிலும், அதற்கு மேல் சொல்ல வேண்டாத மற்றதும் ஊறி வருகிறது என்பதை அவன் சொல்வதில்லை, வாங்குகிறவர்களும் கேட்பதில்லை. அவனுடைய கிடங்கில் மழை ஒழுகியது. உறையில் சொட்டுக் கறை பட்டால் சரக்கு விலை போகாது.

"இங்க லேத் வரப்போகுது" என்றாள் அவள்.

"வரட்டும் அண்ணி, வரட்டும். ஒரு ஓரமா இருக்கட்டும். மெத்தை என்ன கேட்கப் போகுது? சுவரோரமா சாஞ்சுட்டு நிக்கும்."

இதில் ஒரு கொடுமை இருந்தது. ஷெட் நாறிக் கிடந்த வரைக்கும் யாருக்கும் அது தேவைப்படவில்லை. அவள் தேய்த்துத் தேய்த்து வெளுக்க வைத்த பிறகுதான் அதன் மேல் ஒருவனுக்குக் கண் விழுந்தது.

லேத் வந்து இறங்கியது. அதே தொழிற்சாலை இயந்திரங்களை மாற்றிக்கொண்டிருந்தது. விசாரித்துப் போய் அவளே வாங்கினாள். நீளமான இரண்டு இரும்புத் தண்டவாளம், ஒரு முனையில் மரத்தைப் பிடித்துச் சுற்றும் தலை, மறுமுனையில் அதைத் தாங்கும் கூர், நடுவே உளியைச் சாய்த்துப் பிடிக்க ஒரு இரும்புக் கட்டை. இவை எதுவும் முதலில் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் பிசுக்குதான். எண்ணெயும் கிரீஸும் மரத்தூளும் சேர்ந்து இறுகி, ஒரு விரல் தடிமனுக்குக் கறுப்பாக அப்பியிருந்தது. அதில் ஈ ஒட்டியிருந்தது. யாருடையதோ ஒரு நரைமுடி ஒட்டியிருந்தது. இத்தனை ஹோட்டல்களின் புகைபோக்கிகளில் அவள் பார்த்த அதே பிசுக்கு. அவளுடைய வெள்ளை ஷெட்டின் நடுவே அது உட்கார்ந்திருந்ததைப் பார்க்க, படுக்கை விரிப்பின் மேல் யாரோ சேற்றுக் காலோடு ஏறி நிற்பது போல இருந்தது.

அவள் கையுறையை மாட்டினாள். மோட்டாரைப் பாலித்தீன் போட்டுக் கட்டினாள். மின்சாரம் பற்றி அவ்வளவு தெரியும். பிறகு கொதிக்கும் தண்ணீர், சோடா உப்பு, பிளீச்சிங் பவுடர், மறுபடி வெந்நீர். நாள் பூராவும் தேய்த்தாள். கறுப்புக் கரைசல் சாக்கடைக்கு ஓட ஓட உள்ளேயிருந்து இரும்பு வெள்ளி மாதிரி வெளியே வந்தது. சாயங்காலம் வாத்தியாரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"பளிச்சுனு இருக்கேம்மா" என்றார் அவர்.

"குறை இருக்கு. அடியில கை போகல" என்றாள். ஆனால் அன்றைக்கு அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் டீத் தம்ளரோடு ஷட்டரைத் தூக்கிய வாத்தியார்தான் முதலில் பார்த்தார்.

"ஏம்மா, ராத்திரியோட ராத்திரியா பெயிண்ட் அடிச்சுட்டியா?"

"என்ன பெயிண்ட்?"

"காவி கலர்ல."

ஓடி வந்து பார்த்தாள். தண்டவாளம், கூர், கட்டை, எல்லாம் துரு பூத்துக் கிடந்தது. சொறி பிடித்த தோல் மாதிரி மேலெல்லாம் பொரிப் பொரியாக. தொட்டால் விரலில் செம்பொடி ஒட்டியது. அதை முகர்ந்தாள். ரத்தம் காய்ந்த வாடை. அழுகின கறி, ஊசின சோறு, செத்த எலி என்று எதற்கும் அசராத மூக்கு, இதற்கு முன்னால் திகைத்து நின்றது. இதை யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை. அவள் சுத்தத்திலிருந்துதான் இது முளைத்திருந்தது.

மகள் வெளியூரில் ஒரு இயந்திரக் கம்பெனியில் இன்ஜினியர். அவளுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

"அம்மா. பிளீச்சிங் பவுடர் போட்டு?"

"ஆமா."

"வெந்நீர் ஊத்தி?"

"ஆமான்றேன்ல."

"இரும்பைப் போய் குளிப்பாட்டியிருக்கியேம்மா! தலைக்கு ஊத்தி, சாம்பிராணி மட்டும்தான் போடலை போல!"

"சிரிக்காதடி. எல்லாம் பிசுக்கு. பாக்கவே சகிக்கல."

"அந்தப் பிசுக்குலதாம்மா அது உசுரோட இருந்துச்சு" என்றாள் மகள். சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. "மண்ணெண்ணெயும் எமரித் தாளும் வாங்கித் தேச்சுப் பாரு. இல்லன்னா காயலான் கடைதான்."

அன்று சாப்பிடும்போது வாத்தியார் தட்டைப் பார்த்தபடியே சொன்னார், "தம்பி போன் பண்ணான்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை வண்டியில ஏத்திட்டு வரேன்னான். நான் என்ன சொல்றது? மிஷினும் ஓடல..."

"சரின்னு சொல்லிட்டீங்களா?"

"அப்படிச் சொல்லல. பாக்கலாம்னேன்."

"உங்க ஊர்ல பாக்கலாம்னா சரின்னுதான் அர்த்தம் வாத்தியாரே. அந்த மெத்தையை நீங்க முகந்து பார்த்திருக்கீங்களா? சுவத்துக்கு இந்தப் பக்கம் நாம தூங்குறோம், அந்தப் பக்கம் ஊரான் ஊரான் படுத்து எழுந்ததெல்லாம் நிக்கணுமா?"

"கோபப்படாதே. நீ வேலை செய்யற இடம்னா நானே முடியாதுன்னு சொல்லிடுவேன். சத்தியமா. சும்மா கிடக்கிற இடத்தை, அதுவும் கூடப்பொறந்தவன்கிட்ட, எப்படிம்மா இல்லன்னு சொல்றது?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நல்லவர்களோடு வாழ்வதில் உள்ள அலுப்பு இதுதான். அவர்களுடைய நல்ல குணத்துக்கான செலவை வேறு யாராவது கட்ட வேண்டியிருக்கும், சண்டை போடவும் வழியிருக்காது. அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

ஷெட்டுக்குப் போய், துருவேறிய லேத்தின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். எல்லாவற்றின் மேலும் வெறுப்பாக இருந்தது. செண்ட் அடித்த கொழுந்தன் மேல், பாக்கலாம் என்ற புருஷன் மேல், சிரித்த மகள் மேல். அதைவிட அதிகமாகத் தன் மேல். சரியாகக் கழுவத் தெரியாதவர்களை வாழ்நாள் முழுக்க விரல் நீட்டி அவமானப்படுத்தியவள், கழுவக் கூடாததைக் கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அறிந்த ஒரே வித்தை அது. அதைக் கொண்டு எல்லாவற்றையும் தொட்டாள். முகர்ந்து பார்க்க மட்டுமே தெரிந்த மூக்குக்கு, எது கெட்டது, எது வெறுமனே தனக்குப் பிடிக்காதது என்ற வித்தியாசம் கடைசி வரைக்கும் தெரியவில்லை.

பழக்கம் போகுமா? உட்கார்ந்தபடியே கை தானாக லேத்தின் அடியில் போயிற்று. தண்டவாளங்களுக்குக் கீழே, தலைப் பகுதி வந்து சேரும் இடத்தில், பிரஷ் நுழையாத ஒரு சந்து. விரலை விட்டாள். விரல் கறுப்பாக வெளியே வந்தது. பழைய பிசுக்கு, கொழகொழவென்று, மினுமினுவென்று. முகத்தைச் சுளித்துக்கொண்டே டார்ச் அடித்துப் பார்த்தாள். பிசுக்கைத் துடைத்த தடத்தில், அந்த ஒரு விரல் அகலத்துக்கு, இரும்பு புதிதாக இருந்தது. துரு அங்கே ஒரு புள்ளிகூட இல்லை.

துடைக்காத இடம் உண்மையைச் சொல்லிவிட்டது. இந்த முறை விரலை நீட்டிக் காட்ட எதிரே முதலாளி யாரும் இல்லை.

மறுநாளிலிருந்து தேய்க்க ஆரம்பித்தாள். மண்ணெண்ணெயில் நனைத்த எமரித் தாள் துருவோடு சேர்த்துக் கையுறையையும் தின்றது. இன்னொரு ஜோடி மாட்டினாள், அதுவும் ஊறி, உப்பி, விரல் நுனியில் கிழிந்தது. கடைசியில் வெறுங்கையோடு இறங்கினாள். முதல் தடவை பிசுக்கு நகக்கண்ணில் ஏறியபோது உடம்பு ஒரு குலுக்குக் குலுக்கியது. ஓடிப்போய்க் கை கழுவிவிட்டு வந்தாள். மறுபடி தொட்டாள், மறுபடி கழுவினாள். வாத்தியார் குழாயடியில் நின்று எண்ணிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் கழுவுவதை நிறுத்தினாள். இது அவளுக்குப் பிடித்துப்போகவில்லை, பழகவும் இல்லை. அருவருப்பு அப்படியேதான் இருந்தது. அதை வைத்துக்கொண்டே கை வேலை செய்தது. துரு போன இடத்துக்கெல்லாம், எந்தப் பிசுக்கை நாள் பூராவும் சுரண்டி எடுத்தாளோ அதே மாதிரி கிரீஸை, டப்பாவிலிருந்து கையால் அள்ளி, தானே பூசினாள். பூசும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை லேத் ஓடியது. ஷெட்டிலிருந்து வெளியே போட்ட சாமான்களில் ஒரு உடைந்த கட்டிலின் கால் இருந்தது. அதை மாட்டி, மகள் போனில் சொல்லச் சொல்ல உளியைப் பிடித்தாள். முதலில் உளி குத்தி, கட்டை பிய்த்துக்கொண்டு பறந்து, வெள்ளைச் சுவரில் மோதிப் பள்ளம் பண்ணியது. வாத்தியார் அன்றைக்கு உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. இரண்டாவது தடவை, மேல் பாலிஷ் உரிந்து, அழுக்குத் தூளாகக் கொட்டி, அதற்கு அடியிலிருந்து ஒரு சுருள் வந்தது. நீளமில்லை, பாதியிலேயே உடைந்துவிட்டது.

வாசனையும் வந்தது. ஆனால் தனியாக வரவில்லை. சூடான கிரீஸ், மண்ணெண்ணெய், மோட்டாரின் கருகல் எல்லாவற்றோடும் சேர்ந்து வந்தது. ஏமாற்றமாக இருந்தது. உளியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். அன்றைக்குத் தொழிற்சாலையிலும் இந்த கிரீஸ் இருந்திருக்கத்தானே வேண்டும்? இந்த லேத்தே அங்கே ஏதோ ஒரு வரிசையில் நின்றிருக்கும். பீப்பாயிலிருந்து தப்பி ஓடி வந்த மூக்கு, தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொண்டு மற்றதை விட்டுவிட்டிருக்கிறது. இத்தனை காலம் அவள் கைப்பையில் வைத்துப் பாதுகாத்த அந்தச் சுத்தம், சரியாகச் சோதிக்கப்படாத ஒரு ஆய்வு. தன் கீழ் வேலை பார்த்தவர்கள் யாராவது அப்படி எழுதிக் கொடுத்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தது. செண்ட், அதன் பிறகு கொழுந்தன், அவன் பின்னால் சுமை இறக்குகிற ஆள். மெத்தைகள் வெள்ளை வெளேரென்று, பார்க்கவே கண் கூசும்படி அடுக்கியிருந்தன.

ஷட்டர் மேலே தூக்கியிருந்தது. லேத் ஓடிக்கொண்டிருந்தது. வாசல் வரைக்கும் மரத்தூள். தரையில் மண்ணெண்ணெய்த் திட்டு. சுவரில் பள்ளம், அதன் பக்கத்தில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புக் கைத்தடங்கள். கொழுந்தன் செருப்பைக் கழற்றப் போனவன், பாதியில் மறுபடி மாட்டிக்கொண்டான்.

"என்ன அண்ணி, என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சு? வேலை நடக்குது." அவள் லேத்தை நிறுத்தினாள்.

"இல்ல... அன்னிக்குக் கண்ணாடி மாதிரி இருந்துச்சே!"

"அன்னிக்கு வேலை நடக்கல."

அவன் அண்ணனைப் பார்த்தான். வாத்தியார் தொண்டையைச் செருமினார். இல்லை என்ற வார்த்தை அவர் வாய் வரைக்கும் வந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டது, அவள் அதைத் தெளிவாகப் பார்த்தாள். "அது... தம்பி... உங்க அண்ணி இப்போ..." என்றார். அதற்கு மேல் வரவில்லை.

"பரவாயில்ல அண்ணா" என்றான் கொழுந்தன். "அந்த ஓரத்தைக் கொஞ்சம் துடைச்சுக் குடுத்தா போதும். ஏய், முதல் மெத்தையை இறக்கு."

சுமை ஆள் ஒரு மெத்தையை இழுத்தான். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். காற்று அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. புதுத் துணியின் கஞ்சி வாடை, கொழுந்தனின் செண்ட், இரண்டுக்கும் அடியில் அந்த மற்றது: புளித்த வேர்வை, எப்போதோ கொட்டிக் காய்ந்த ஏதோ ஒன்று, சரியாக உலராத பஞ்சு. தையலைப் பிரித்தால் உள்ளே என்ன தெரியும் என்று அவளுக்குத் தெரியும். பிரிக்க வேண்டிய அவசியம் இல்லை.

"இருப்பா, இருப்பா" என்று முன்னால் போனாள். "ஒரே ஆள் எப்படித் தூக்குவே? நானும் ஒரு கை பிடிக்கிறேன்."

முழங்கை வரைக்கும் கிரீஸ் மினுமினுக்கும் இரண்டு கைகளையும், விருந்தாளியை வரவேற்பது போல நீட்டிக்கொண்டு நடந்தாள்.

"அண்ணி!" கொழுந்தன் குறுக்கே பாய்ந்தான். "வேணாம் அண்ணி, வேணாம், நீங்க எதுக்கு?"

"இதுல என்னப்பா இருக்கு? நம்ம வீட்டுச் சரக்கு."

"தொடாதீங்க அண்ணி! கறை போகாது அண்ணி! உறை தைச்சது நேத்துதான்..."

"உறைதானே? உள்ள சுத்தமா இருந்தா போதாதா?"

அவள் இன்னும் ஒரு எட்டு வைத்தாள். அவன் மெத்தைக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு பின்வாங்கினான். அவன் வெள்ளைச் சட்டைக்கும் அவள் கறுப்புக் கைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. சுமை ஆள் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல், மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றினான்.

"ஏத்துடா, ஏத்து, உள்ள ஏத்து!" என்றான் கொழுந்தன். வேன் கதவு மூடின பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது. "இடம் வேற பாத்துக்கறேன் அண்ணா. இங்க வச்சா சரக்கு நாசமாப் போயிடும். இத்தனை சுத்தமா வச்சிருந்த இடத்தை எப்படி அண்ணி உங்களுக்கு இப்படிப் பண்ண மனசு வந்துச்சு?"

அந்தக் கேள்வியில் கேலி இல்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டுக் கேட்டான். அவளுக்கும் அது வருத்தமாகத்தான் இருந்தது. "அதையேதான் நானும் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

வேன் தெருமுனையில் திரும்பிய பிறகும் செண்ட் வாசனை கொஞ்ச நேரம் நின்றது. வாத்தியார் மெதுவாக ஷெட்டுக்குள் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றப் போனார்.

"போட்டுக்கிட்டே வாங்க. சிலாம்பு குத்தும்."

லேத்தில் மாட்டியிருந்ததை அவர் குனிந்து பார்த்தார். உளியின் தலையில் தட்டுவதற்கான கொட்டாப்புளி. கட்டில் கால்தான் இப்போது அப்படி ஆகியிருந்தது. தலை ஒரு பக்கம் கோணல், கைப்பிடியில் உளி பாய்ந்த இரண்டு வடு, போதாததற்கு அவள் விரல் தடம் கறுப்பாக மரத்துக்குள்ளேயே ஊறியிருந்தது. அதை மட்டும் எவ்வளவு தேய்த்தும் எடுக்க முடியவில்லை.

"நான் சொல்லத்தான் வாய் எடுத்தேன்" என்றார் வாத்தியார்.

"பாத்தேன்."

"நீயே சமாளிச்சுட்டே."

"நீங்க சொல்லியிருந்தா, நான் இந்தக் கையை அவன்கிட்ட நீட்டியிருக்க வேண்டாம். அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க."

அவர் தலையாட்டினார். பிறகு கொட்டாப்புளியைத் தொடாமல் சுட்டிக்காட்டிக் கேட்டார்: "இதுக்கு என்ன எழுதுவே?"

அவள் தன் நகங்களைப் பார்த்தாள். இன்றைக்குச் சாப்பிட உட்காரும்போதும் அவை இப்படித்தான் இருக்கும், எத்தனை சோப்பு போட்டாலும். கையைப் புடவையில் துடைக்கப் போனவள், துடைக்காமல் லேத்தின் சுவிட்சைப் போட்டாள்.

"குறைகள் உள்ளன" என்றாள். "நடத்தலாம்."